பூனையின் படை (படர்தாமரை) ஏன் திரும்பத் திரும்ப வருகிறது: யாழ்ப்பாண வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காது மடலில் மயிர் கொட்டி ஒரு வட்டம். கிறீம் பூசினால் ஆறுகிறது. இரண்டு கிழமை கழித்து மூக்கடியிலோ முன்காலிலோ இன்னொன்று. அதற்கிடையில் வீட்டுச் சின்னப்பிள்ளையின் கழுத்திலும் சிவந்த வளையம் ஒன்று வந்துவிடுகிறது. இந்தக் கட்டத்தில்தான் பலர் ‘இது மருந்துக்கு அடங்காத படை’ என்று முடிவுகட்டுகிறார்கள். சிலர் பூனையைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய்ச் சந்தையடியில் விட்டுவிட்டும் வருகிறார்கள். அப்படி விட்டதால், படையை உண்டாக்கும் பங்கசு (பூஞ்சை) வீட்டில் கொட்டிவிட்ட வித்திகள் போகப்போவதில்லை. படை இன்னொரு ஊர்ப் பூனைகளுக்கும் பரவும், அவ்வளவுதான்.

பூனைக்கு வரும் படர்தாமரையில் மருந்துக்கு உண்மையாகவே அடங்காதது மிகச் சொற்பம். மற்றதெல்லாம் செய்யவேண்டிய வேலைகளில் ஏதோ ஒன்று விடுபட்டுப்போனது. உள்ளுக்குக் கொடுக்கும் மருந்து, உடம்பு முழுவதையும் கழுவுவது, வீட்டைத் துப்புரவாக்குவது, வீட்டில் உள்ள மற்ற விலங்குகளையும் கவனிப்பது என நான்கும் ஒரே காலத்தில் நடக்கவேண்டும். முதலில் மாத்திரை, அது சரிவராவிட்டால் குளிப்பு, அதுவும் சரிவராவிட்டால் வீடு என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் வருடம் முழுவதும் இதே வேலையாகத்தான் இருக்கும்.

இந்தப் பங்கசு எப்படிப் பிழைக்கிறது

பூனைகளில் வரும் படைக்கு மிகப் பெரும்பாலும் காரணம் மைக்ரோஸ்போரம் கனிஸ் என்ற பங்கசு. மயிர், தோலின் மேற்படை, நகம் ஆகியவற்றில் உள்ள கெரட்டின் என்ற புரதம்தான் அதற்குச் சாப்பாடு. அது தின்ற மயிர் முறிந்து விழும். விழுகிற ஒவ்வொரு துண்டிலும் கண்ணுக்குத் தெரியாத வித்திகள் ஏராளமாக ஒட்டியிருக்கும். தொற்றிய நாளில் இருந்து வட்டம் தெரிய ஒன்று முதல் மூன்று கிழமை ஆகும். அதனால்தான் ‘நேற்றுவரை நல்லாய் இருந்தது’ என்ற கணக்கு இந்த நோயில் எடுபடாது.

வித்திகள் வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் பதினெட்டு மாதம் வரைகூட உயிரோடு இருக்கக்கூடும். இதைக் கேட்டதும் பயம் வரும். ஆனால் மாரி காலத்தில் சுவரில் பூக்கும் பூஞ்சணத்தைப் போல இவை வீட்டுக்குள் தாமாகப் பெருகுவதில்லை. பெருக வேண்டுமென்றால் உயிருள்ள விலங்கின் மயிரோ மனிதத் தோலோ வேண்டும். எனவே வீட்டில் இருப்பதை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றி, புதிதாகக் கொட்டுவதைக் குறைத்துக்கொண்டு வந்தால் ஒரு கட்டத்தில் கணக்குத் தீரும்.

நல்ல ஆரோக்கியமான வளர்ந்த பூனைக்கு மருந்தே கொடுக்காவிட்டாலும் இரண்டு, மூன்று, சிலவேளை நான்கு மாதத்தில் இது தானாக மாறிவிடுவதும் உண்டு. ஆனால் அதுவரை அது வீடு முழுக்க வித்தி கொட்டிக்கொண்டு திரியும். பிள்ளைகள் உள்ள வீட்டில் அப்படிக் காத்திருக்க முடியாது. குட்டிகள், வயது போன பூனைகள், வேறு நோயுள்ள பூனைகள், நீள மயிர்ப் பூனைகள் ஆகியவற்றுக்குத் தானாக மாறும் வாய்ப்பும் குறைவு. இப்போது இங்கேயும் பலர் பேர்சியன் வளர்க்கிறார்கள். இந்த நோய் கூடப் பிடிப்பதும் மாற நாள் எடுப்பதும் அந்த இனத்துக்குத்தான்.

படி 1: இது படைதானா என்று உறுதிப்படுத்துங்கள்

மயிர் கொட்டிய வட்டம் எல்லாம் படை இல்லை. காது ஓரத்திலும் நெற்றியிலும் தடித்த பொருக்கு, ஓயாத சொறிச்சல் என்றால் அது உண்ணிச்சொறியாக இருக்கலாம். முதுகின் அடிப்பகுதியில், வாலடியில் மயிர் கொட்டினால் தெள்ளு ஒவ்வாமையைச் சந்தேகிக்கவேண்டும். படையில் சொறிச்சல் பெரும்பாலும் குறைவு. முகம், காது, முன்கால், வால் நுனி ஆகிய இடங்களில் முறிந்த மயிரும் சாம்பல் நிறச் செதிலும் தெரியும். ஆனால் கண்ணால் பார்த்து மட்டும் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ‘பிடிவாதமான படை’ என்று மாதக்கணக்கில் மருந்து பூசப்பட்ட பூனைக்கு இருந்தது சொறி என்று பிறகு தெரியவருவதும் நடப்பதுதான்.

மிருக வைத்தியரிடம் போகும்போது மூன்று பரிசோதனைகளைப் பற்றிக் கேளுங்கள். முதலாவது வூட்ஸ் விளக்கு. இருட்டறையில் இந்த ஊதா வெளிச்சம் பட்டால், தொற்றிய மயிரின் தண்டு பச்சை அப்பிள் நிறத்தில் ஒளிரும். மயிர்த்தண்டு ஒளிரவேண்டும் என்பது முக்கியம். செதிலும் தூசும் பூசிய கிறீமும்கூட வேறு நிறங்களில் மின்னும், அதைக் கண்டு ஏமாறக்கூடாது. காசுத்தாள் பார்க்கும் மலிவான ஊதா ரோச்சை வாங்கி வீட்டில் அடித்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவற்றில் பல வேறு அலைநீளத்தில் இருப்பதால் எல்லாமே நீலமாகத்தான் தெரியும். ஒளிரவில்லை என்பதால் நோய் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

இரண்டாவது, பிடுங்கிய மயிரை நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. மூன்றாவது வளர்ப்புச் சோதனை, அதாவது பங்கசை முளைக்கவிட்டுப் பார்ப்பது. பொதியில் இருந்து அப்போதுதான் எடுத்த புதுப் பல்தூரிகையால் பூனையின் உடம்பு முழுவதையும் இரண்டு மூன்று நிமிடம் வாரி, அந்தத் தூரிகையை வளர்ப்பூடகத்தில் அழுத்தி வைப்பார்கள். முடிவு வர இரண்டு கிழமை, சிலவேளை மூன்று கிழமை ஆகலாம். விளக்கிலோ நுணுக்குக்காட்டியிலோ தெளிவாகத் தெரிந்தால் இந்த முடிவுக்காகக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கலாம். அருகில் வசதி இல்லாமல், நோயும் நீண்டுகொண்டே போனால், பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலை பற்றி உங்கள் வைத்தியரிடமே கேட்டுப்பாருங்கள்.

படி 2: ஒரு அறையை ஒதுக்குங்கள்

நம் ஊர்ப் பூனைக்கு வேலியும் மதிலும் எல்லை இல்லை. காலையில் உங்கள் குசினி, மத்தியானம் பக்கத்து வீட்டு விறாந்தை, இரவு ஓட்டுக்கூரை. இப்படித் திரியும் பூனைக்குச் சிகிச்சை செய்வது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுகிற கதைதான். சிகிச்சை நடக்கும் காலத்துக்காவது அதை ஒரு இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் அறையில் பொருட்கள் குறைவாக இருக்கட்டும். சீமெந்து அல்லது மாபிள் நிலம், கம்பிவலை அடித்த ஜன்னல், கதவு, அது போதும். மெத்தை, திரைச்சீலை, பழைய பத்திரிகைக் கட்டு, துணி மூட்டை எல்லாவற்றையும் முதலே வெளியே எடுத்துவிடுங்கள். பனையோலைப் பாயோ கடகமோ படுக்கையாகக் கொடுக்கவேண்டாம். ஓலைப் பின்னலுக்குள் போன மயிரை யாராலும் எடுக்க முடியாது. அட்டைப்பெட்டி நல்லது. மூன்று நாளுக்கொருமுறை எரித்துவிட்டுப் புதிது வைக்கலாம். மேலே விரிக்கப் பழைய சாரத் துண்டு போதும்.

அறையில் அடைப்பது தண்டனை ஆகிவிடக்கூடாது. குட்டியாக இருந்தால் இது இன்னும் முக்கியம். மனிதரோடு பழகவேண்டிய வயதில் இரண்டு மாதம் தனியே கிடந்த குட்டி பிறகு கிட்டவே வராது. ஒவ்வொரு நாளும் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு உள்ளே போய் அதோடு இருந்து விளையாடுங்கள். வெளியே வந்ததும் சட்டையை மாற்றிக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

படி 3: உள்ளுக்குக் கொடுக்கும் மருந்து

இதை வைத்தியர் எழுதித்தர வேண்டும். மருந்துக்கடையில் மனிதருக்கு விற்கும் மாத்திரையை ஊகத்தில் உடைத்துக் கொடுப்பது ஆபத்து. ஆனாலும் எது, எவ்வளவு, ஏன் என்று வளர்ப்பவருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

இன்று முதல் தெரிவு இட்ராகொனசோல். வழக்கமான அளவு பூனையின் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம், நாளுக்கு ஒருமுறை. ஒரு கிழமை கொடுத்து அடுத்த கிழமை நிறுத்தி, இப்படி மூன்று சுற்று. அதாவது முதலாம், மூன்றாம், ஐந்தாம் கிழமைகளில் மருந்து, இரண்டாம், நான்காம் கிழமைகளில் ஓய்வு. மருந்து தோலிலும் மயிரிலும் தங்கி நின்று வேலை செய்வதால் இந்த இடைவெளி பிரச்சினை இல்லை. ஓய்வுக் கிழமையோடு ‘மருந்து முடிந்துவிட்டது’ என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் நிறையப்பேர். கலண்டரில் ஐந்து கிழமையையும் முதல் நாளே குறித்து வைத்துவிடுங்கள்.

சிக்கல் அளவில்தான். நாலு கிலோப் பூனைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 20 மில்லிகிராம். மனிதருக்கான குளிசையோ 100 மில்லிகிராம். அதைத் திறந்து உள்ளே இருக்கும் மணிகளைக் கண்மட்டத்தில் ஐந்தாகப் பிரித்தால் ஒரு நாள் கூடும், இன்னொரு நாள் குறையும். தூளாக்கிப் பாணியாகக் கலந்து தரப்படும் இட்ராகொனசோலும் உடம்பில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. மருந்து கொடுத்தும் மாறவில்லை என்ற முறைப்பாட்டில் கணிசமான பங்கு இங்கேதான் இருக்கிறது. பூனைக்கென்றே தயாரான திரவ மருந்து கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் குளிசையை எப்படிப் பிரிப்பது என்று வைத்தியரே செய்து காட்டட்டும். குளிசை மருந்தைச் சாப்பாட்டோடு கொடுப்பது நல்லது. அவித்து முள் எடுத்த சூடை மீனில் ஒரு சின்ன உருண்டை பிடித்து அதற்குள் வைத்தால் பெரும்பாலான பூனைகள் கேள்வி கேட்காது.

மற்றத் தெரிவு டெர்பினபைன். கிலோவுக்கு 30 முதல் 40 மில்லிகிராம், நாளுக்கு ஒருமுறை. மனித மாத்திரை 250 மில்லிகிராம் என்பதால் நாலு கிலோப் பூனைக்கு ஏறக்குறைய அரை மாத்திரை. பிரிப்பது சுலபம். இட்ராகொனசோல் ஒத்துக்கொள்ளாத பூனைக்கு வைத்தியர் இதைத் தரக்கூடும்.

எந்த மருந்தானாலும் சாப்பாட்டை வெறுத்தால், தொடர்ந்து சத்தி எடுத்தால், கண் வெள்ளையோ முரசோ மஞ்சளானால் உடனே நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள். ஈரல் பாதிக்கப்படுகிறது என்பதற்கான அறிகுறிகள் அவை. கர்ப்பமான பூனைக்கு இந்த மருந்துகளைத் தானாகத் தொடங்கவே கூடாது. கிறிசியோபல்வின் பழைய மருந்து. எலும்பு மச்சையைப் பாதிக்கக்கூடியது, வயிற்றில் உள்ள குட்டிக்கும் கெடுதி. கர்ப்பிணிப் பெண்கள் அதைக் கையாலும் தொடாமல் இருப்பது நல்லது. கீட்டோகொனசோல் மாத்திரை பூனைக்கு ஒத்துவராது. புளுகொனசோல் இந்தப் பங்கசுக்குப் பெரிதாக எடுபடாது.

படி 4: குளிப்பு

வட்டத்தில் மட்டும் கிறீம் பூசுவதுதான் எல்லாரும் செய்வது, படை நீண்டு போவதற்குப் பெரிய காரணமும் அதுதான். கண்ணுக்குத் தெரிவது ஒரு வட்டம் என்றாலும் பூனை நக்கி நக்கி வித்திகளை உடம்பு முழுவதும் பரப்பியிருக்கும். எனவே கிறீம் துணைக்கு மட்டும். உண்மையான வேலை உடம்பு முழுவதையும் கிழமைக்கு இரண்டு தரம் கழுவுவதில் இருக்கிறது. கால்நடைத் தோல் மருத்துவத்துக்கான உலகச் சங்கம் 2017 இல் வெளியிட்ட வழிகாட்டலும் உள்மருந்தையும் இந்தக் கழுவலையும் சேர்த்தே செய்யச் சொல்கிறது.

பயன்படும் ஷம்போ, 2 சதவீத மைக்கொனசோலும் 2 சதவீதக் குளோர்ஹெக்சிடினும் சேர்ந்தது. குளோர்ஹெக்சிடின் மட்டும் உள்ளது போதாது. போத்தலின் பின்பக்கத்தைப் படித்து, ‘கொனசோல்’ என்று முடியும் மருந்து ஒன்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாடுகளில் சுண்ணாம்புக் கந்தகக் கரைசலும் பெரிதும் பயன்படுகிறது. நன்றாக வேலை செய்யும், ஆனால் கூழ்முட்டை நாற்றம், மயிரும் மஞ்சளாகும். அதைக் கேள்விப்பட்டுத் தோட்டத்துக்கு அடிக்கும் கந்தக மருந்தைக் கரைத்துப் பூனைக்கு ஊற்றிவிடாதீர்கள். அதன் செறிவும் அதில் கலந்திருப்பதும் வேறு.

குளிப்பாட்டும் நாளில் முதலில் நகத்தை வெட்டுங்கள். வட்டத்தைச் சுற்றியுள்ள மயிரை முனை மழுங்கிய கத்தரியால் கட்டையாக வெட்டலாம். மெஷினால் மழிக்கவேண்டாம். தோலில் படும் சின்னக் கீறல்களுக்குள் பங்கசு புதிதாகக் குடியேறும். நீள மயிர்ப் பூனைக்கு உடம்பு முழுவதும் கட்டையாக்க வேண்டி வந்தால் வைத்தியரிடம் செய்வது நல்லது. வெட்டிய மயிரைக் கடதாசியில் சுற்றி எரித்துவிடுங்கள்.

இருவர் இருந்தால் வேலை பாதி. கிணற்றடியில் வைத்துச் செய்யவேண்டாம். பூனை பாய்ந்தால் பிடிக்க முடியாது. கதவு பூட்டிய குளியலறைதான் சரி. இரண்டு வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர், அடியில் வழுக்காமல் இருக்க ஒரு துவாய், கையில் நீளக் கையுறை. கழுத்தின் பின்புறம் மெதுவாகப் பிடித்து, கழுத்தில் இருந்து வாலை நோக்கி நனைத்துக்கொண்டு போங்கள். தலையில் தண்ணீர் ஊற்றினால் அன்றைய கதை அதோடு முடிந்தது.

ஷம்போவை மயிரின் அடிவரை விரலால் இறக்குங்கள். அழுத்தித் தேய்க்கவேண்டாம், முறிந்த மயிரை அது இன்னும் முறிக்கும். நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது, நுரை குறைவாகத்தான் வரும். நுரை வரவில்லை என்று அளவை இரட்டிப்பாக்கவேண்டாம். முக்கியம் நேரம். ஷம்போ பத்து நிமிடம் தோலில் நிற்கவேண்டும். துவாயால் சுற்றி மடியில் வைத்துக் கொண்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருங்கள். நக்க விடாதீர்கள். முகத்துக்கும் காதுக்கும் ஷம்போ போகக்கூடாது, குளோர்ஹெக்சிடின் கண்ணைக் கெடுக்கும். அந்த இடங்களுக்கு மைக்கொனசோல் அல்லது குளோட்ரிமசோல் கிறீமை மெல்லிதாகப் பூசி, அது ஊறும்வரை விளையாட்டுக் காட்டிக் கவனத்தைத் திருப்புங்கள்.

பிறகு நன்றாக அலசி, துவாயால் ஒற்றி எடுங்கள். வெயில் நாளில் பத்து மணிக்கு முன்னரே இந்த வேலையை முடித்தால் ஜன்னலோரத்தில் தானாகக் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் என்றால் இரண்டு மூன்று துவாய் மாற்றித் துடைக்கவேண்டியிருக்கும். குட்டிகள் குளிரில் விறைத்துப்போகும், அவற்றைக் காயும்வரை கைவிடாதீர்கள்.

படி 5: வீடு

இந்தப் படிக்கு வந்ததும் பலர் ஒரு போத்தல் கிருமிநாசினியை வீடு முழுக்கத் தெளித்துவிட்டுத் திருப்திப்படுகிறார்கள். அழுக்கின் மேலும் மயிரின் மேலும் ஊற்றிய மருந்து வித்தியைத் தொடுவதே இல்லை. வரிசை இதுதான்: முதலில் மயிரை எடுப்பது, பிறகு சவர்க்காரத் தண்ணீரால் கழுவுவது, கடைசியில்தான் கிருமிநாசினி. முதல் இரண்டும் ஒழுங்காக நடந்தால் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

மயிரை எடுக்கத் தும்புத்தடியால் காய்ந்த நிலத்தைக் கூட்டினால் வித்திகள் காற்றில் எழும்பி மேசை மேலும் விசிறித் தகட்டிலும் போய் உட்காரும். ஈரத்துணியால் இழுத்து எடுங்கள். குஷனிலும் சோபாவிலும் ஒட்டும் நாடாவைச் சுற்றி ஒற்றி எடுக்கலாம். துணிச் சோபாவை ஒரு பழைய போர்வையால் மூடி அதை இரண்டு நாளுக்கொருமுறை மாற்றுவது இன்னும் சுலபம். பிரம்புக் கதிரையின் இடுக்குகளைப் பழைய பல்தூரிகையால் கழுவி வெயிலில் வையுங்கள். மறக்கப்படும் இடங்கள் மின்விசிறித் தகடு, ஜன்னல் கம்பி, தையல் மெஷினின் அடி, சாமியறை விரிப்பு, பூனையைக் கொண்டுபோன கூடை.

கிருமிநாசினியாக வீட்டில் துணி வெளுக்கப் பயன்படும் பிளீச் போதும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 30 மில்லிலீற்றர். கழுவிய நிலத்தில் ஊற்றிப் பத்து நிமிடம் ஈரமாகவே இருக்கவிட்டு, பிறகு நல்ல தண்ணீரால் துடைத்து, காய்ந்த பிறகுதான் பூனையை உள்ளே விடவேண்டும். கரைத்ததை அன்றன்றே பயன்படுத்துங்கள். கிணற்றுக்குப் போடும் குளோரின் தூள் இதைவிட மிகச் செறிவானது, அதை இந்த அளவில் கரைக்கக்கூடாது. கழிப்பறை கழுவும் அசிட்டோடு பிளீச்சைக் கலந்தால் நச்சு வாயு வரும். பூனை மூத்திரம் இருந்த இடத்தில் ஊற்றினாலும் அப்படித்தான், முதலில் அதைக் கழுவிவிடுங்கள். பழைய சிவப்புச் சீமெந்து நிலம் பிளீச்சில் வெளிறும் என்று கவலைப்பட்டால், சவர்க்காரத் தண்ணீரால் மூன்று தரம் அடுத்தடுத்துக் கழுவினாலும் நல்ல பலன் உண்டு.

துணிகளைக் கொதிநீரில் போடவேண்டிய அவசியமில்லை. வீட்டாரின் துணியோடு சேர்க்காமல் இரண்டு தரம் நன்றாகத் துவைத்து அலசினால் வித்திகள் தண்ணீரோடு போய்விடும். வாளியை நிறைத்துத் திணிக்காமல் தண்ணீர் தாராளமாக விடுங்கள். வெயிலில் காயவிடுவது நல்லதுதான், ஆனால் கழுவாமல் வெயிலில் மட்டும் போட்டு எடுப்பது போதாது.

ஒவ்வொரு நாளும் அறையில் மயிர் எடுப்பது, குளிப்பாட்டும் இரண்டு நாளிலும் பெரிய கழுவல். இந்த ஒழுங்கு இருந்தால் வீட்டைத் தலைகீழாக்க வேண்டியதில்லை. கழுவிய அறைக்குள் குளித்த பூனை போகும்.

படி 6: மற்றப் பூனை, நாய்

வட்டம் ஒன்றும் இல்லாத பூனையும் மயிரில் வித்தியைச் சுமந்து திரியலாம். வீட்டில் மூன்று பூனை இருந்து ஒன்றுக்கு மட்டும் சிகிச்சை செய்தால், அது மாறிய கையோடு மற்ற இரண்டில் ஒன்று திருப்பிக் கொடுத்துவிடும். எல்லாவற்றையும் பல்தூரிகைச் சோதனைக்கு உட்படுத்துவதே சரியான வழி. அதற்கு வசதி இல்லையென்றால் வட்டம் உள்ளதற்கு மாத்திரையும் குளிப்பும், மற்றவற்றுக்கு அதே நாளில் குளிப்பு மட்டும் என்று வைத்தியரோடு பேசி முடிவெடுங்கள். நாயையும் முயலையும் மறக்கவேண்டாம்.

பூனைக்குப் பூசவே கூடாதவை

பூனை பூசியதை நக்கும். அதன் ஈரலால் பல பொருட்களை உடைத்து வெளியேற்ற முடியாது. மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். வேப்பெண்ணெய் நமக்கு மருந்து, பூனைக்கு நடுக்கமும் உமிழ்நீர் ஒழுகலும் கொண்டுவரக்கூடியது. தேயிலை மர எண்ணெயும் அப்படியே. வைத்தியசாலையில் நமக்குத் தரும் விட்ஃபீல்ட் களிம்பில் சலிசிலிக் அமிலம் இருக்கிறது, அதுவும் பூனைக்கு நஞ்சு. டெட்டோல் போன்ற வெள்ளையாகக் கலங்கும் கிருமிநாசினியால் பூனையைக் குளிப்பாட்டுவதும், நிலத்தைத் துடைத்து ஈரம் காயமுதல் பூனையை விடுவதும் கூடாது. நாய்க்கான தெள்ளு மருந்தில் பெர்மித்ரின் இருந்தால் பூனை செத்துப்போகலாம்.

இன்னொன்று, மூன்று மருந்து கலந்த கிறீம். பங்கசு எதிர்ப்பு, கிருமி எதிர்ப்பு, ஸ்டீரொயிட் மூன்றும் ஒரே ரியூப்பில். பூசி இரண்டு நாளில் சிவப்பு அடங்கும், எல்லாருக்கும் சந்தோஷம். ஸ்டீரொயிட் தோலின் எதிர்ப்பைத்தான் அடக்கியது, அடியில் பங்கசு தாராளமாகப் பரவும். மனிதருக்கும் இதே கதைதான்.

வீட்டாருக்கு வந்தால்

கையிலும் வயிற்றிலும் சாதாரண வளையம் என்றால் ஸ்டீரொயிட் கலக்காத பங்கசு கிறீம் பெரும்பாலும் போதும். வளையம் மறைந்த பிறகும் ஒரு கிழமையாவது பூசவேண்டும். பிள்ளையின் தலையில் மயிர் கொட்டிச் செதில் வந்தால் கிறீமோடு நிற்கக்கூடாது. அது மயிரின் வேருக்குள் போய்விட்டது, உள்ளுக்கு மருந்து வேண்டும். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள், வீட்டில் பூனைக்குப் படை இருப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். புற்றுநோய் மருந்தில் இருப்பவரோ எதிர்ப்புச் சக்தி குறைந்தவரோ வீட்டில் இருந்தால், அவர் அந்த அறைப் பக்கமே போகாதிருப்பது நல்லது.

எப்போது நிறுத்துவது

மயிர் வளர்ந்துவிட்டது என்பது நிறுத்துவதற்கான காரணம் அல்ல. கண்ணுக்கு மாறுவது முதலில், பங்கசு போவது பிறகு. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் விடுபவர்கள்தான் மூன்று மாதத்தில் திரும்ப வருகிறார்கள்.

நல்ல அளவுகோல், ஒரு கிழமை இடைவெளியில் எடுத்த இரண்டு வளர்ப்புச் சோதனைகளிலும் ஒன்றும் முளைக்காமல் இருப்பது. சிகிச்சை தொடங்கி நாலாவது கிழமையளவில் முதல் சோதனையை எடுக்கலாம். விளக்கு வசதி இருந்தால் இடையிடையே பார்க்கலாம். சிகிச்சை பிடிக்கும்போது மயிரின் நுனி மட்டும் ஒளிரும், வேர்ப்பக்கம் இருண்டு வரும், அதாவது புதிதாக வளரும் மயிர் சுத்தமாக வளர்கிறது. சோதனைக்கு வழியே இல்லை என்றால், மயிர் முழுவதும் வளர்ந்து புது வட்டம் ஒன்றும் வராமல் இருந்தாலும் இன்னும் சில கிழமை குளிப்பையும் கழுவலையும் தொடருங்கள். மொத்தமாக ஒன்றரை மாதம் முதல் இரண்டரை மாதம் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

எல்லாம் செய்தும் மாறாவிட்டால்

முதலில் மாத்திரை அளவையும் பூனையின் இப்போதைய எடையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வளரும் குட்டிக்கு ஒரு மாதத்துக்கு முந்திய அளவு போதாது. அடுத்து, பூனை உண்மையில் விழுங்குகிறதா, கதிரைக்கடியில் துப்பிவிட்டுப் போகிறதா என்று பாருங்கள். அப்புறம் வைத்தியரிடம் பூனை எய்ட்ஸ், பூனை லூக்கேமியா ஆகிய இரண்டு வைரசுகளுக்கும் இரத்தம் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து வைத்திருப்பது அவையாக இருக்கலாம். குடற்புழு, வெறும் சோறும் குழம்பும் மட்டும் தின்று வரும் போசாக்கின்மை, வேறு நோய்க்காகப் போட்ட ஸ்டீரொயிட் ஊசி ஆகியவையும் இப்படிச் செய்யும். பேர்சியனில் தோலுக்கடியில் கட்டியாகத் தடித்தால் அது ஆழமாகப் போன வேறு வகை, சோதனைக்கு ஒரு துண்டு எடுக்கவேண்டி வரும். மருந்தையே எதிர்க்கும் பங்கசு என்ற சந்தேகம் இவையெல்லாம் முடிந்த பிறகுதான் வரவேண்டும்.

மாறிய பூனையை வெளியே விடும் நாளில் அதன் கழிவுத் தட்டு, அட்டைப்பெட்டி, சீப்பு ஆகியவற்றை எரித்தோ எறிந்தோ விட்டு, அறையைக் கடைசியாக ஒருமுறை முழுவதும் கழுவுங்கள். இனி வீட்டுக்கு வரும் எந்தக் குட்டியையும், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், மூன்று கிழமை அதே அறையில் தனியே வைத்துக் காதையும் மூக்கடியையும் நகமடியையும் பார்த்துக்கொண்டு வாருங்கள். வட்டம் ஒன்றும் வராவிட்டால், ஒரு தரம் மருந்து ஷம்போவில் குளிப்பாட்டிவிட்டு மற்றப் பூனைகளோடு சேர்க்கலாம்.